கட்டைவிரல் காட்டும் பக்கம்

திசையக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே ஒரு நிமிடம் முழிப்பார். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மழையில் பஸ், லாரி, கார் இவற்றின் முன்கண்ணாடியைத் துடைக்கிறதே வைப்பர், அதற்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தாள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, வந்து சேருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் கரண்ட் கொடுத்து, அது சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சை முத்திரை, தப்பென்றால் சிவப்பு.

"சுத்துறதை வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்ட உறவுக்காரர்கள் உண்டு. அவளா விடுவாள்? "திசை தப்பினா வைப்பர் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது, உங்க மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். ஒரு மழையில ஓட்டிப் பாருங்க சித்தப்பா, சம்பளம் கம்மின்னு நீங்களே சொல்வீங்க" என்பாள். சித்தப்பாவுக்கு வண்டியே கிடையாது. அதையும் சேர்த்துச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் ஓய்வாள்.

வேலையில் சேருவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். மேஜைமேல் லாடம்போல வளைந்த காந்தம். அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி ஊஞ்சல் மாதிரி தொங்கும். பக்கத்தில் பேட்டரி. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, கம்பி முன்னால் எகிறுமா பின்னால் எகிறுமா என்று சொல்லிவிட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னால் பிடித்துவிடுவார்கள், ஏனென்று கேட்பார்கள். உதவிக்குச் சுவரில் பெரிதாக ஓர் இடது கையை வரைந்து வைத்திருந்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒரு பெட்டியின் மூலையில் மூன்று விளிம்புகள் வந்து சேருவது மாதிரி விரிந்திருக்கும். ஆள்காட்டி விரலைக் காந்தத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனையின் பக்கம் நீட்டு. நடுவிரலைக் கரண்ட் போகிற பக்கம் நீட்டு. கம்பியை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்பதைக் கட்டைவிரல் காட்டிவிடும். மூன்று விரல் உள்ளவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைதான்.

ஆனால் அவள் இடது கையால் எழுதுகிறவள். விடை எழுதுவதற்கான பென்சில் இடது கையில் இருந்தது. அதனால் காலியாக இருந்த வலது கையை நீட்டி, விரல்களை அழகாக விரித்து, "முன்னால எகிறும்" என்று அடித்துச் சொன்னாள். சுவிட்சைப் போட்டார்கள். கம்பி பின்னால் எகிறியது.

"கம்பி தப்பாப் போகுது சார்" என்றாள்.

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. அது தப்புப் பண்ணாது. நீ எந்தக் கையை நீட்டினே?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைவிட அதிகமாக அவள் சிரித்தாள். பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள், சரியாக இருந்தது, வேலை கிடைத்தது. அன்றிலிருந்து எதை எடுத்தாலும் வலது கையால் எடுக்கப் பழகிக்கொண்டாள். "இந்தக் கை எப்பவும் சும்மா இருக்கணும்" என்பாள், இடது கையைக் காட்டி. சும்மா எங்கே இருந்தது? வீட்டில் யாராவது ஒரு விஷயத்தில் யோசனை கேட்டால் போதும், மூன்று விரலும் தானாக விரிந்துகொள்ளும்.

"அண்ணி கையைத் தூக்கிட்டாங்க. தீர்ப்பு வந்தாச்சு, எல்லாரும் கலைஞ்சு போங்க" என்று கிண்டல் செய்வது அவள் தங்கையின் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே இருப்பார், அக்கா தங்கை இரண்டு பேரின் சண்டைக்கு நடுவே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் வேறு எப்படி இருக்க முடியும்.

தங்கையைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அக்காவும் தங்கையுமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு அது. கீழே முன்னறையில் சின்னவளின் தையல் மெஷின்கள், பின்னால் அவர்கள் குடியிருப்பு. மாடியில் ஒரே ஓர் அறை, அது திசையக்காவுடையது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது, போனது. ஏன் என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் திசை சரியில்ல" என்பாள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. தொழிற்சாலையைத் தொலைதூரத்துக்கு மாற்றியபோது அவள் அதனோடு போகவில்லை. மாடி அறையில் ஒரு கனமான மேஜையைப் போட்டு, அதில் மோட்டாரை அசையாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் இரும்பு வைஸ் ஒன்றை முடுக்கி, ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் வைப்பர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். சும்மா சொல்லக்கூடாது, கை பட்ட மோட்டார் எதுவும் ஓடாமல் திரும்பியதில்லை.

அவளுடைய மோட்டார்கள் எல்லாம் ஒரே ஜாதி. உள்ளே கருங்கல் மாதிரி இரண்டு காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும், நடுவில் கம்பிச் சுருள் சுற்றும். தப்பான பக்கம் சுற்றினால் கவலையே இல்லை. வெளியே வருகிற இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். காந்தம் அப்படியே இருக்கும், கரண்ட் மட்டும் திரும்பும், கட்டைவிரலும் திரும்பும். "காந்தம் மாறாது, கரண்ட்தான் மாறும்" என்பது அவள் வாயில் வேதவாக்கு மாதிரி. மோட்டாரோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "இந்த வீட்ல காந்தம் நான். சின்னவ கரண்ட். காலையில ஒண்ணு சொல்வா, சாயங்காலம் ஒண்ணு சொல்வா" என்று சின்னவள் காதுபடவே சொல்வாள். சின்னவள் தையல் மெஷினை வேகமாக மிதித்து அந்தப் பேச்சைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த வேலை வந்து குதித்தது. வேறோர் ஊரில் பெரிய உடுப்புத் தயாரிக்கும் கம்பெனி. துணி வெட்டும் பகுதிக்குப் பொறுப்பாளராகச் சின்னவளைக் கூப்பிட்டார்கள். அவள் கனவு கண்ட வேலை. டிரைவருக்கும் அங்கே வழி இருந்தது. "ஸ்டியரிங் எல்லா ஊர்லயும் வட்டமாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

சின்னவள் படியேறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். "அக்கா, அந்த வேலைக்கு வரச் சொல்றாங்க. போகலாமான்னு பாக்கறேன்."

திசையக்காவுக்குப் போகாதே என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "தாராளமாப் போ. யாரு கையைப் பிடிச்சா?"

சின்னவளின் முகம் சுருங்கிப்போனது. "அவ்வளவு சந்தோஷமா உனக்கு? அப்ப நான் போகலை."

"ஏன் போகலை? வந்த வாய்ப்பை உதைச்சிட்டு நாளைக்கு என்னாலதான்னு சொல்றதுக்கா?"

"நீ துரத்தி நான் போகணுமா?"

அன்றைக்கு அது அப்படி முடிந்தது. மாடியில் இருப்பவளுக்குத் தூக்கம் வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தாள், மனசு இளகியது. கீழே போய், வெட்டிப்போட்ட துணியை மடிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, "போக வேணாம்டி. இங்க என்ன குறைச்சல்?" என்றாள். அதற்குள் சின்னவள் இறுகியிருந்தாள். "என் முன்னேற்றம் உனக்குப் பிடிக்கலைன்னு இப்பத்தான் வெளிய வருது. நான் போயே தீருவேன்." திசையக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "போ. போய்த் தொலை." "அப்படிச் சொன்னா ஏன் போகணும்? இது என் வீடும்தான்."

ஒருத்தி போ என்றால் ஒருத்தி மாட்டேன் என்பாள். ஒருத்தி இரு என்றால் ஒருத்தி கிளம்புவேன் என்பாள். டிரைவர் பாவம், கம்பெனிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் வரவில்லை என்பார்கள். கடைசியில் கம்பெனிக்காரர்கள் முடிவாகக் கேட்டது, சின்னவள் போயே தீருவேன் என்று நின்ற ஒரு நாளில். சரியென்று சொல்லிவிட்டாள். அங்கே வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டார்கள்.

"வாசல் பக்கமா ஒரு ரூம் தனியா இருக்குங்க அண்ணி. அதனால வாடகை கொஞ்சம் கூட" என்றார் டிரைவர்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அந்த ரூம்? பந்தாவுக்கா?"

டிரைவர் வாயைத் திறந்தார். சின்னவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனார். அன்றோடு அக்காவுக்கும் தங்கைக்கும் நேர்ப்பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு. திசையக்கா மாடியில் எதற்கும் அசையாதவளாக உட்கார்ந்திருந்தாள். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். உள்ளுக்குள் அவளுக்குச் சின்னவள் போகிறாள் என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. இரு என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று, போ என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று.

லாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் டிரைவர் ஒரு மோட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "அண்ணி, ஓரம் மடிச்சுத் தைக்கிற மெஷினோட மோட்டார் புகைஞ்சு போச்சு. ஆபீஸ் ஒண்ணுக்குத் திரைச்சீலை தைச்சுக் குடுத்துட்டுத்தான் கிளம்பணும். பாக்க முடியுமான்னு கேக்கச் சொன்னா."

"கேக்கச் சொன்னவளுக்கு வாய் இல்லையா?"

"இருக்குங்க. அதனாலதான் நான் வந்தேன்."

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு வாங்கி வைத்தாள். "வைப்பர் மோட்டாரே பாத்தாச்சு, தையல் மெஷின் மோட்டார் எம்மாத்திரம்? மத்தியானத்துக்குள்ள ஓடும்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள்.

திறந்து பார்த்தாள். உள்ளே காந்தத் துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லை. அதற்குப் பதிலாக இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள். அதில் கரண்ட் ஓடும்போது அதுவே காந்தமாகிவிடும், அது அவளுக்குத் தெரியாததல்ல. கருகியிருந்ததும் அதுதான். பழைய சுருளைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள், முனைகளைப் பற்றவைத்தாள், மூடினாள். எந்த முனையை எதோடு சேர்க்க வேண்டும் என்று பெரிதாக மெனக்கெடவில்லை. திசை தப்பினால் என்ன, வெளியே இரண்டு வயரை மாற்றினால் தீர்ந்தது. வாழ்நாள் முழுக்க அப்படித்தானே தீர்ந்திருக்கிறது.

மோட்டாரைக் கொண்டுபோய்க் கீழே மெஷினில் பூட்டி, பெல்ட்டை மாட்டினாள். அறையில் பாதி மெஷின்கள் மூட்டை கட்டியிருந்தன. சின்னவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. திசையக்கா காலால் அழுத்தினாள். மோட்டார் கிண்ணென்று கிளம்பியது. கைச்சக்கரம் தைக்கிறவளின் பக்கம் வருவதற்குப் பதில் அந்தப் பக்கமாக ஓடியது. நூல் கீழே சுருண்டு, துணியோடு சேர்ந்து கொத்தாக மாட்டிக்கொண்டது.

சின்னவள் இப்போது திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷ வேலை" என்றாள் திசையக்கா, யாரிடமோ சொல்வதுபோல. பிளக்கைக் கழற்றி, அதற்குள் இரண்டு வயரையும் இடம் மாற்றி முடுக்கி, மறுபடி சொருகினாள். அழுத்தினாள். கைச்சக்கரம் அதே பக்கம் ஓடியது. சரியாக மாற்றவில்லையோ என்று மறுபடி திறந்து, பார்த்துப் பார்த்து மாற்றினாள். அதே பக்கம். நூல் இன்னொரு கொத்து.

களுக்கென்று ஒரு சத்தம். சின்னவள்தான். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து. "திசையக்கா வீட்டு மெஷினுக்கே திசை தப்பிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பாள். சொன்னது சின்னவள் என்பதால் திசையக்கா மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு முறை மாற்றியும் ஏன் மாறவில்லை?

மேஜைமுன் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் காந்தம். நடுவிரல் கரண்ட். கட்டைவிரல் தள்ளுகிற பக்கம். கட்டைவிரல் எதேச்சையாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, வயரை மாற்றினேன், கரண்ட் திரும்பியது. நடுவிரலைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் உறைத்தது. இந்த மோட்டாரில் சுற்றுகிற சுருளிலும், காந்தமாகிற சுருளிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஒன்றின் வழியாகப் போய்த்தான் இன்னொன்றுக்கு வருகிறது. பிளக்கில் வயரை மாற்றினால் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பிவிடும். கரண்ட் மட்டுமில்லை, காந்தமும் வடக்கு தெற்காக, தெற்கு வடக்காக மாறிவிடும். நடுவிரலோடு ஆள்காட்டி விரலும் திரும்பியாக வேண்டும். வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு தடவை தானாகத் திரும்பியும் மெஷின் ஒரே பக்கம் ஓடுவது அதனால்தானே.

மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றினாள். ஆள்காட்டி விரல் எதிர்ப்பக்கம் போனது. நடுவிரலும் எதிர்ப்பக்கம் போனது. கட்டைவிரல் அசையவே இல்லை. மறுபடி பழையபடி சுழற்றினாள். இரண்டு விரலும் திரும்பி வந்தன. கட்டைவிரல் அதே கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கையை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

காந்தம் மாறாது என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். எந்தக் காந்தம் மாறவில்லை? சின்னவள் போகலாமா என்று கேட்டபோது போ என்றது யார்? அவள் இருக்கிறேன் என்றபோது ஏன் இருக்கிறாய் என்றது யார்? அவள் திரும்பும்போதெல்லாம் இவளும்தான் திரும்பினாள். ஒரு தடவைகூட ஒருத்தி மட்டும் திரும்பியதில்லை. இரண்டு பேருக்குள்ளும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ரோஷம். போ என்றாலும் இரு என்றாலும் முடிவு கதவைப் பார்த்தே நின்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டாரைத் திறந்தாள். வெளி வயரைத் தொடவில்லை. உள்ளே, தான் புதிதாகச் சுற்றிய சுருளின் இரண்டு முனைகளை மட்டும் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தாள். சுற்றுகிற சுருளை அது இருந்தபடியே விட்டாள். ஒன்று மாறினால் போதும். இரண்டாவது மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் வேலையே.

கீழே இறங்கிப் போனபோது சின்னவள் திரைச்சீலையின் ஓரத்தை மடித்து மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். மெஷின் சும்மா இருந்ததால் கையாலேயே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் துணியில். உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் குண்டூசிகள், தலை மட்டும் வெளியே தெரிய. டிரைவர் மூட்டைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

திசையக்கா மோட்டாரைப் பூட்டி பெல்ட்டை மாட்டி அழுத்தினாள். கைச்சக்கரம் தன் பக்கமாகச் சுற்றி வந்தது. ஒரு துண்டுத் துணியைக் கொடுத்துப் பார்த்தாள், தையல் நேராக விழுந்தது. இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு நிறுத்தினாள். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று திசையக்காவுக்குத் தெரிந்தது. போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"வாயில இருக்கற ஊசியை எடுக்காதே. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அப்படியே இரு."

சின்னவளின் கண் விரிந்தது. டிரைவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"போகாதேன்னு நான் சொல்லப்போறதில்ல. போன்னும் சொல்லப்போறதில்ல. ரெண்டையும் சொல்லிப் பாத்தாச்சு. நீ நல்ல வேலைக்காரி. அந்த வேலை உனக்குத்தான் வரணும், வந்திருக்கு. நீ அதுக்குப் போகணும்னு ஆசைப்படறே, அது முதல் நாளே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. அன்னிக்கே நான் சந்தோஷப்பட்டிருக்கணும். எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறாமையில்லடி. நீ இல்லாம இந்த மாடியில நான் என்ன பண்ணுவேன்னு பயம். அதைச் சொல்ல வாய் வரலை. வேற என்னென்னவோ வந்துச்சு."

குண்டூசித் தலைகள் நடுங்கின. சின்னவள் ஒரு கையைத் துணியிலிருந்து எடுக்கப் பார்த்தாள்.

"இரு, இன்னும் முடியல. மழை பெய்யற ஊர் எல்லாத்துலயும் வைப்பர் இருக்கும். வைப்பர் இருந்தா ரிப்பேர் இருக்கும். நானும் உங்க கூட வர்றேன். லாரியில ஒரு மேஜைக்கும் ஒரு படுக்கைக்கும் இடம் குடு. அவ்வளவுதான். இப்ப எடு."

சின்னவள் உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சு மெத்தையில் குத்தினாள். அவசரப்படவில்லை. கடைசி ஊசியைக் குத்தியதும் பழைய ரோஷம் பழக்க தோஷத்தில் முன்னால் வந்து நின்றது. "எனக்காக நீ ஒண்ணும் வீட்டை விட்டுட்டு வர வேணாம். நீ வர்றதா இருந்தா நான் போகவே..."

திசையக்காவின் இடது கை மேலே எழும்பியது. ஆனால் மூன்று விரல் விரியவில்லை. உள்ளங்கை முழுசாக, போக்குவரத்துப் போலீஸ் நிறுத்துவதுபோல நின்றது.

"மாறாதே. இந்தத் தடவை நான் மட்டும்தான் மாறணும். நீ அப்படியே இரு."

சின்னவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அக்கா இந்தக் குரலில் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துணியின் மடிப்பைக் கொஞ்ச நேரம் விரலால் நீவிக்கொண்டே இருந்துவிட்டு, தலை நிமிராமல் சின்னவள் கேட்டாள்.

"உன் வைஸ் எவ்வளவு கனம் இருக்கும்?"

"ஏன்? லாரி தாங்காதா?"

"லாரி தாங்கும். அந்த வாசல் பக்கத்து ரூம் தரை தாங்குமான்னு அந்த வீட்டு ஓனர்கிட்ட கேட்டேன். இரும்பு மேஜை போடணும், நாள்பூரா தட்டுவாங்க, லாரிக்காரங்க வந்து போவாங்கன்னு சொன்னேன். தனி வழி வேணும்னுதான் அந்த வீட்டைப் பிடிச்சேன். கனம் எவ்வளவுன்னு அவர் கேட்டாரு. எனக்குத் தெரியலை."

பந்தாவுக்கா என்று தான் கேட்டது திசையக்காவுக்கு நினைவுக்கு வந்தது. டிரைவர் வாயைத் திறந்து மூடியதும் நினைவுக்கு வந்தது. அவர் இப்போது கயிற்றை எடுத்து மும்முரமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், ஏற்கெனவே போட்ட முடிச்சின் மேலேயே.

"இதை ஏண்டி முன்னாலேயே சொல்லலை?"

"சொல்லியிருந்தா வரமாட்டேன்னு சொல்லியிருப்பே."

இல்லை என்று சொல்லத்தான் திசையக்கா வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. கண்ணீர் வந்ததை மறைக்கவும் இல்லை. சின்னவளின் மணிக்கட்டிலிருந்து நாலைந்து குண்டூசிகளைப் பிடுங்கித் தன் உதட்டில் கவ்விக்கொண்டு, திரைச்சீலையின் மறுமுனையை இழுத்து மடியில் போட்டு, இரண்டு கையாலும் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தாள்.